செத்தவர்கள் இல்லாத மியூசியம்

அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்கள் நாங்கள். வாஷிங்டனில் எங்களுக்கு இருந்தது ஒரே நாள். அப்பாவுக்கோ எந்த மியூசியமும் ஒத்துவரவில்லை.

"டைனோசர் பாக்கலாமாப்பா?"

"அதெல்லாம் எலும்பு. வேணாம்."

"எகிப்து மம்மி?"

"வாயக் கழுவுடி! செத்ததுகிட்டப் போனா அது நம்மகூடவே வீட்டுக்கு வந்துடும். நவஹோ வீட்டுப் பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?"

"அப்ப விமான மியூசியம். அங்க வெறும் தகரம்தான் இருக்கும்."

"அது சரி" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

உள்ளே பளபளவென்று ஒரு போர் விமானம். "ஜப்பான்ல அணுகுண்டு போட்டு லட்சம் பேரைக் கொன்னது இதுதான்" என்றாள் வழிகாட்டிப் பெண். "அந்தக் குண்டுக்கான யுரேனியத்துல கொஞ்சம் நவஹோ மலையில வெட்டினது."

அப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்தார். இளவயதில் அந்த மலைச் சுரங்கத்தில் யுரேனியம் கலந்த மஞ்சள் பாறை வெட்டியவர். எதற்கென்று அன்று யாரும் சொல்லவில்லை.

"இங்க நிக்க வேணாம், வாங்கப்பா."

"இனிமே என்னம்மா" என்றார். "அவங்க அம்பது வருஷமா நம்ம வீட்லதானே இருக்காங்க."