பையின் அடியில்

வாசலில் இருந்த பெண் ஒரு துணிப் பையை நீட்டினாள்.

செருப்பைக் கழற்றி அதில் போட்டு, கையோடு உள்ளே எடுத்துப் போக வேண்டுமாம். முன்னால் போன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

அவனால் முடியவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சாமி முன்னால் போய் நிற்பதா? சாமி புத்தராகவே இருக்கட்டும்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் படியோரமாக ஷூவை விட்டான். வேலையில் பதினைந்து வருடம் முடிந்ததற்கு ஆபீசில் கொடுத்த ஷூ. பக்கவாட்டில் கம்பெனி பெயர் இருக்கும்.

முதுகில் பை இழுத்தது.

விடிகிற நேரத்தில் பாங்காக்கில் வந்து இறங்கியவன். விடுதியில் மதியம் இரண்டு மணிக்குத்தான் கட்டில் தருவார்கள். பையை வைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். மனசு வரவில்லை. காலையிலிருந்து படகுத் துறை, பூ மார்க்கெட், பெயர் தெரியாத இரண்டு கோயில்கள் என்று எல்லாவற்றையும் பையோடுதான் பார்த்தான். பார்த்தான் என்றால், அந்த இடங்களில் நின்றான்.

இத்தனைக்கும் உள்ளே ஒன்றும் இல்லை. நான்கு டீ-ஷர்ட், ஒரு லுங்கி, எலுமிச்சை ஊறுகாய். சுகந்தி அடுக்கிய பை. ஆபீஸ் பயிற்சிக்காக ஆறு நாள் வெளிநாடு போகிற புருஷனுக்கு ஒரு முழுக்கைச் சட்டை வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. விமான நிலையத்தில் மேலோட்டமாகக் கிளறிப் பார்த்தபோது எரிச்சலாக வந்தது. இரவு அவளோடு வீடியோவில் பேசும்போது எதைப் போட்டுக்கொண்டு உட்காருவது?

பயிற்சி என்று எதுவும் கிடையாது.

நான்கு மாதமாக ஆபீசே கிடையாது.

தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு. செங்கல்பட்டிலிருந்து மறுபடி கடற்கரை. இருட்டும்வரை அதே ரயில்கள். கொஞ்ச நாளில் கடலை விற்கிறவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இங்கே ஓடி வந்தான்.

சொல்லாமல் இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அவனுக்கு முன்னால் தெரியாது.

உள்ளே புத்தர் படுத்திருந்தார்.

தலையிலிருந்து கால்வரை நடந்து பார்ப்பதற்கே நேரம் பிடித்தது. கையைத் தலைக்குக் கொடுத்து, பொன் நிறத்தில், யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாத முகத்தோடு படுத்திருந்தார். அவனுக்குப் பொறாமையாக இருந்தது. கடைசியில் பாதங்கள். அவனைவிட உயரமான இரண்டு பாதங்கள். அவற்றின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தான்.

படியோரத்தில் ஷூ இல்லை.

இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். பை நீட்டிய பெண் கையிலிருந்த துணிப் பையை ஆட்டிக் காட்டினாள். அதற்குத்தானே கொடுத்தேன் என்று முகத்தில் எழுதியிருந்தது.

கல் சுட்டது. கால் மாற்றி மாற்றி நின்றான். போனை எடுத்து, வெறும் பாதங்களையும் பின்னால் தெரிந்த கோபுரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான்.

‘கோயில்ல ஷூ தொலைஞ்சுபோச்சு.’

அனுப்பிவிட்டான்.

எது நடந்தாலும் உடனே அவளிடம் சொல்லிவிடுவது பதினேழு வருடப் பழக்கம். அந்த ஒன்றை மட்டும்தான் சொல்லவில்லை.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்றரை. இந்நேரம் அவன் பயிற்சி வகுப்பில் இருக்க வேண்டும். இதைத்தான் நேற்று ஏர்போர்ட் வாசலில் நின்று மணிக்கணக்கு உட்பட அவளிடம் விளக்கியிருந்தான்.

அழிக்கப் போனான்.

இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன.

அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது. ஒரு சுற்றுலாக் கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

‘கோயில்லயா? ரொம்ப நல்லதுங்க. புடிச்ச பீடை அதோட போச்சு. தேடாதீங்க.’

அவன் காத்திருந்தான். அடுத்த கேள்வி இப்போது வரும்.

‘வெறுங்கால்ல நிக்காதீங்க. சுடும். பையில அடியில செருப்பு வச்சிருக்கேன்.’

பிறகு இன்னொன்று.

‘பொறுமையா எல்லாத்தையும் சுத்திப் பாருங்க. வேளைக்குச் சாப்பிடுங்க.’

அவ்வளவுதான்.

நிழலாக ஒரு படி பார்த்து உட்கார்ந்தான். பையை இறக்கி மடியில் வைத்துத் திறந்தான். டீ-ஷர்ட்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். எல்லாம் வீட்டில் போடுகிற டீ-ஷர்ட்கள். அவனுக்குப் பிடித்தவையாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். லுங்கி. ஊறுகாய் பாட்டில், கசியாமல் இரண்டு கவர் போட்டு. அடியில், செய்தித்தாளில் சுற்றி, புது ரப்பர் செருப்பு.

முழுக்கைச் சட்டையை அவள் மறந்து விடவில்லை; தேவைப்படாது என்று தெரிந்துதான் வைக்கவில்லை.

அவளுக்கு எப்போது தெரிந்தது? யார் சொன்னார்கள்? எத்தனை நாளாக, தெரிந்தே, காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தாள்?

அழுகை வந்தது. தன்னைத் தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில் அழுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. யாரும் என்னவென்று கேட்கவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது.

சுகந்தியின் பெயரைத் தொட்டு, போனைக் காதில் வைத்தான்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டாள்.