கண்ணையா வீட்டுப் பெட்டி

"பெட்டியைத் தொறந்து குடுங்க கண்ணையா. இல்லாட்டி இந்தக் கேட்டு முன்னாலயே உக்காந்துக்குவேன்."

அங்கப்பனின் குரல் பெரியநாயக்கன்பாளையத்தின் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. நாற்பது வருடம் போராட்ட மேடைகளில் மைக் பிடித்த தொண்டை. எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் முளைத்தன.

மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி கண்ணையா கேட்டைத் திறந்தார்.

"சத்தம் போடாதீங்க. உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"காப்பி குடிக்க வரலீங்க. எங்க காலனி அறுபத்திமூணு குடும்பத்துப் பஞ்சமி நிலக் காகிதம் உங்க ஊட்ல இருக்குது. திங்கக்கெழம விசாரணை. அது இல்லீன்னா நெலம் போயிருமுங்க. அவ்வளவுதான்."

காகிதம் என்றாலும் அது காகிதமாக இல்லை. அவிநாசிப் பக்கத்தில் அங்கப்பனின் காலனி. கோவையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் இனியா, ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மென்பொருள் போட்டு, வீட்டிலேயே சர்வர் அமைத்திருந்தாள். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கிடங்கில் எங்கள் ஆவணம் கிடக்கக் கூடாது என்பது அங்கப்பனின் உத்தரவு. பட்டா நகல், தீர்வை ரசீது, 'எங்க மாமன் உழுத பூமி இது' என்று காலனியின் மூத்த கிழவி மாரியாத்தாள் சாகும் முன் கேமராவைப் பார்த்துச் சொன்ன சாட்சி, எல்லாம் அதில்தான். அசல் காகிதங்களைக் கரையான் தின்று நாலு வருடம்.

நேற்று சாயங்காலம் கோடை மழையில் இடி இறங்கியது. சர்வரும் அதனுள் இருந்த இரண்டு டிஸ்க்கும் கருகிப் போயின.

"பயப்படாதீங்கப்பா. நகல் ஒண்ணு பவன் ஊட்ல பத்திரமா இருக்குது. ஆனா..." என்றாள் இனியா போனில்.

'ஆனா'வைக் கேட்க அங்கப்பன் நிற்கவில்லை. காலையில் முதல் பஸ்சைப் பிடித்துவிட்டார்.

பவன், இனியாவோடு வேலை பார்ப்பவன். கண்ணையாவின் மகன். காலனி முழுக்க ஒரே கரண்ட், ஒரே இடி. நகல் தூரத்து வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தாள் இனியா. சர்வரில் ஏறுவதெல்லாம் தினமும் தானாக அதற்கும் போய்ச் சேரும். ஆனால் அந்த நிலத்தை இன்று உழுதுகொண்டிருப்பவர்கள் கண்ணையாவின் பங்காளிகள். இது தெரிந்த நாளிலிருந்து அங்கப்பன் ஒரு வாரம் மகளோடு பேசவில்லை.

கண்ணையா அவரை நேராகப் பூஜை அறைக்கு அழைத்துப் போனார். இந்த மாதிரி வீடுகளில் போர்டிகோவைத் தாண்டி அங்கப்பன் போனதே இல்லை. சாமி படங்களுக்குக் கீழே கறுப்புப் பெட்டி ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இன்வெர்ட்டர் லைன் இந்த ரூமுக்கு மட்டும்தானுங்க" என்றார் கண்ணையாவின் மனைவி லட்சுமியம்மாள். "கரண்ட் போனா பெட்டி நிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. சாமி பல்பைக் கழட்டிப்போட்டு இதை மாட்டுனேன்."

"பொட்டும் வெச்சீங்களாக்கும்?"

"ஆயுதபூசைக்கு வெச்சனுங்க."

பவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்து.

"எல்லாம் வந்திருக்குது அங்கிள். நேத்து மத்தியானம் வரைக்கும். ஆனா பூட்டியிருக்குது. எங்ககிட்ட சாவி இல்ல."

"உங்க ஊட்டுப் பெட்டிக்கு உங்ககிட்டயே சாவி இல்ல! யாருகிட்டத் தம்பி கதை உடறீங்க? பங்காளி நெலம் போயிரும்னு அப்பன் கண்ணைக் காட்டிட்டாரு."

கண்ணையாவின் முகம் சுருங்கியது. "பங்காளிக்கு எதிரான காகிதம்னு தெரிஞ்சேதானுங்க வெச்சிருக்கறேன். அவங்க என்கூடப் பேசி ரெண்டு வருசமாச்சு."

"இந்த நடிப்பை எத்தனை பேச்சுவார்த்தையில பாத்திருப்பேன்!"

அப்போது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மூச்சு வாங்க உள்ளே வந்தாள் இனியா.

"போனை எடுக்க மாட்டீங்களாப்பா? அவங்களால தொறக்க முடியாதுங்கப்பா. அவங்க ஊட்டு ஈ எறும்புகூடப் படிக்காத மாதிரிப் பூட்டுன்னு சொன்னதே நீங்கதானுங்க."

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். "செரி. நீ தொற அம்மணி."

"பாஸ்வேர்டு நம்ம சர்வருக்குள்ளதான் இருந்துச்சு. அது எரிஞ்சுபோச்சு. என் போன்லயும் வெக்கக் கூடாதுன்னுட்டீங்க. முப்பத்தாறு எழுத்து, மனசுல நிக்காது. அதனாலதானே காகிதத்துல எழுதி உங்க கையில குடுத்தேன், பொங்கலன்னிக்கு? அதைக் குடுங்க, ரெண்டு நிமிசத்துல தொறந்தர்லாம்."

"இவ்வளவுதானா!" கண்ணையாவின் முகம் மலர்ந்தது. "பவன், காரை எடு. ஊட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தர்லாம். வாங்க அங்கப்பன்."

அங்கப்பன் நகரவில்லை. மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, எங்க வெச்சிருக்கறீங்க?"

போலீஸ் வந்து துழாவினால் போராட்டக்காரன் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூடச் சிக்கக் கூடாது; இது அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த பாடம். பொங்கலன்று மகள் அந்தப் பக்கம் திரும்பியதும், பானை பொங்கிக்கொண்டிருந்த அடுப்பிலேயே அந்தக் காகிதத்தைப் போட்டு, முழுசாகச் சாம்பலாகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.