அப்பா புலி

"குட்டிக்கு இறக்கை ஒடிஞ்சிருக்கு. குகைக்குள்ள பதுங்கிக் கிடக்கு. நீங்கதான் அதோட அப்பா. என்ன பண்ணப் போறீங்க?" என்று மகள் கேட்டாள்.

"கர்ஜிப்பேன்!" என்றார் சர்வேயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர். கல்லூரியில் படிக்கிற மகள் கதை சொல்வாள், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் சொன்னது பலிக்கும். மனைவியும் மச்சினனும் வழிப்போக்கர்கள். சர்வேயருக்கு இன்றைக்கு இறக்கை வைத்த புலி வேஷம். பொழுது சாய்வதற்குள் குட்டி தானாக வெளியே வந்தால்தான் பிழைக்கும். இல்லையென்றால் காயம் புரையோடிச் செத்துப்போகும்.

பகடையை உருட்டினார். பத்தொன்பது!

"பிரமாதம்ப்பா. காடே நடுங்குது. குட்டியும் நடுங்கி இன்னும் உள்ள போயிடுச்சு."

"அதெப்படி? பத்தொன்பது விழுந்திருக்கே!"

"கர்ஜிப்பேன்னுதானே சொன்னீங்க? நல்லாவே கர்ஜிச்சிட்டீங்க."

சர்வேயருக்குச் சுருக்கென்றது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சோதிப்பது அவர் தொழில். பெயிண்ட் பூசி மறைத்த நசுங்கலைக்கூட விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். எப்பேர்ப்பட்ட எத்தனும் அவரிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை. அவரிடமா ஒரு புலிக்குட்டி வித்தை காட்டுவது?

"சரி, விசாரிக்கறேன். எங்க விழுந்தே? என்ன வேகத்துல போனே? தப்பு யார் மேல?"

பதினேழு விழுந்தது.

"முள்ளு குத்திடுச்சுன்னு குட்டி சொல்லுது."

"பொய்! இறக்கை ஒடிஞ்சிருக்குன்னு நீதானே சொன்னே!"

"பயந்தா பொய்தான்ப்பா வரும்."

"அப்படியா? அப்போ புத்தி சொல்றேன். தனியாப் போகாதே, போகாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? பெத்தவன் சொல்லுக்கு ஒரு மரியாதை..."

மனைவி குறுக்கிட்டாள். "இது புலி பேசற மாதிரி இல்லையே. தினமும் கேக்கற குரலா இருக்கே!"

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பகடை உருண்டு நின்றது. இருபது!

"ஒரு வார்த்தை விடாம குட்டி காதுல விழுந்துடுச்சுப்பா," என்றாள் மகள். "குகையோட கடைசிச் சுவர்ல போய் ஒட்டிக்கிச்சு. பொழுது சாயப்போகுது."

சர்வேயருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இது கள்ளாட்டம்! எது விழுந்தாலும் நான் தோக்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்திருக்கே. படிக்கற பிள்ளைக்கு இந்த வெட்டி வேலை எதுக்கு?"

மகளின் கண் கலங்கியிருந்தது. கற்பனைக் குட்டிக்கெல்லாமா ஒருத்தி அழுவாள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"கர்ஜனையைத் தவிர உங்களுக்கு வேற ஒண்ணுமே வராதா அத்தான்?" என்றான் மச்சினன்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற கெட்ட பெயர் போதாதென்று, பெற்ற குட்டியை வெளியே கூப்பிடத் தெரியாத புலி என்ற பெயர் வேறு வேண்டுமா?

"சரிம்மா. வாயை மூடிக்கறேன். குகை வாசல்ல சும்மா படுத்துக்கறேன். ஒண்ணும் கேக்க மாட்டேன், போதுமா?" பகடைக்குக் கை நீட்டினார்.

மகள் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "இதுக்குப் பகடை வேண்டாம்ப்பா. குட்டி மெதுவா எட்டிப் பாக்குது. வெளிய வந்தா கோவிச்சுக்க மாட்டீங்களேன்னு கேக்குது."

"அடிபட்டுக் கிடக்கற பிள்ளைகிட்ட எந்த மடையனாவது கோவிச்சுப்பானா?" என்றார் சர்வேயர், ஜெயித்துவிட்ட மிதப்பில்.

மகள் முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு.

"உங்களுக்குத் தெரியாம ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனேன்ப்பா. விழுந்துட்டேன்."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. மச்சினனைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான். ஆக, வீட்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

ஊரான் வண்டியில் ஒளித்து வைத்த கீறலெல்லாம் கண்ணில் படுகிறது, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளையின் கை படவில்லை. பெரிய சர்வேயர்! கீழே விழுந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்ல, பெற்ற பெண் ஒரு காட்டையும் குகையையும் உண்டாக்க வேண்டியிருந்திருக்கிறது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வண்டியை நான் இரவல் வாங்கிட்டுப் போனேன்னு சொன்னது பொய் அத்தான்," என்று மச்சினன் மென்று விழுங்கினான். "மெக்கானிக் ஷெட்டுல கிடக்கு. முன்பக்கம் மொத்தமும் நொறுங்கி..."

பழக்கதோஷம்! கர்ஜனை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மகள் அவசரமாகச் சட்டைக் கையைக் கீழே இழுக்க ஆரம்பித்தாள்.

சர்வேயர் எழுந்தார். தொந்தியும் தொப்பையுமாக மூச்சு வாங்கிக்கொண்டே மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"புலிக்கு ஏதுடா வண்டி?" என்றார்.