ஆறாவது விதி

காலை ஒன்பதே முக்கால். மேசையில் பதினெட்டு விடைத்தாள்கள். பத்தொன்பதாவதாகக் கிருஷ்ணன்குட்டி சார் வாசித்த பெயருக்குத் தாள் இல்லை.

"ஈசாக். பூஜ்யம்."

ஈசாக் எழுந்துவிட்டான்.

"சார், நான் புதன்கிழமை வரவே இல்லியே!"

"இரியடோ," என்று மலையாளத்தில் உட்காரச் சொன்னார் சார், தலையைத் தூக்காமல்.

1954 ஆகஸ்ட். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரி. பி.எஸ்ஸி. கணிதம், கால்குலஸ் வகுப்பு. மூன்று மாறிகள் ஒரே நேரத்தில் அசையும் கணக்குகள். சாரின் விதிகள் மட்டும் அசையாதவை. பத்து விதிகளைத் தன் கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்.

ஆறாவது விதி: தேர்வுக்கு வராதவருக்கு மார்க் புத்தகத்தில் கோடு. கோடு சராசரியில் சேராது. ஏழாவது: வராதவருக்கு மறுதேர்வு இல்லை. பத்தாவது: சராசரி நாற்பதுக்குக் கீழே போனவரைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை.

நாலு தேர்வில் ஈசாக்கின் சராசரி நாற்பத்துநாலு. அந்த சாரிடம் அது பெரிய மார்க். ஐந்தாவது தேர்வுதான் கடைசி. அதில் கோடு விழுந்தால் நாற்பத்துநாலு அப்படியே நிற்கும். பூஜ்யம் விழுந்தால் முப்பத்தைந்து. படிப்பு அதோடு சரி.

அவன் வராத காரணம் வகுப்புக்கே தெரியும். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு அந்தப் புதன்கிழமை பாறசாலைச் சந்தையில் ஊர்வலம். ஈசாக் கொடி பிடித்துப் போனான். கூட்டத்தில் யாரோ பஸ்ஸின்மேல் கல்லை விட்டெறிந்தார்கள். மறுநாள் முதல் போலீஸ் பாறசாலையில் வீடு வீடாக ஏறி இறங்கியது. கேஸில் பெயர் வந்த மாணவனைக் கல்லூரி அன்றைக்கே வெளியே அனுப்பிவிடும். காட்டாக்கடையில் அத்தை வீட்டில் நாலு நாள் ஒளிந்திருந்த ஈசாக், கல்லூரிக்குள் போலீஸ் வராது என்ற தைரியத்தில் இன்று வந்திருந்தான்.

சார் மலையாளி. ஈசாக் தமிழன். பூஜ்யத்துக்கு வேறு காரணம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"எலே, சும்மா இரி," என்று பக்கத்தில் இருந்த சுயம்பு சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"விடுலே. கொடி பிடிச்சதுக்கு இவரு மார்க்குல அடிக்காரு." ஈசாக்கின் குரல் ஏறியது. "வராதவனுக்குக் கோடாக்கும் சார்! உங்க விதிதான், ஆறாவது! நான் வரல்ல, வரல்ல, வரல்ல!"

"வாயை மூடடா!"

சார் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

கதவில் ஆள் நிழல் விழுந்தது. ஹெட் கான்ஸ்டபிள் தாணு. கையில் நோட்டு.

"புதன்கிழமை வராத பிள்ளையளுக்க பேரு வேணும் சார். ஹாஜர் புத்தகத்தக் காட்டணும்."

"தேர்வு நடக்கிற அன்னைக்குத் தனி ஹாஜர் கிடையாது. மார்க் புத்தகந்தான் ஹாஜர். மூணாவது விதி." சார் புத்தகத்தை நீட்டினார்.

தாணு விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார்.

"எல்லாருக்கும் மார்க் உண்டு. ஒரு கோடும் இல்ல." பிறகு நிமிர்ந்தார். "இப்ப யாராக்கும் வரல்ல, வரல்லன்னு கூவினது? முற்றம் வரைக்கும் கேட்டுது."



"அந்தா நிக்கானே, அவன்," என்றார் சார். "பூஜ்யம் வாங்கினவன். வரல்லன்னு ஆக்கிட்டா சராசரி குறையாது. அதுக்காக்கும் இந்தக் கூப்பாடு. விதி கதவில உண்டு. வாசிச்சுப் பாரும்."

தாணு திரும்பிக் கதவை வாசித்தார். ஆறாவதை இரண்டு தடவை வாசித்தார்.

"இவனுக்க தாள் எங்க?"

"வெத்துத் தாளை நான் வச்சிருக்கிறதில்ல. எட்டாவது."

தாணு நம்பினமாதிரித் தெரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த ஸ்ரீகுமாரியைப் பார்த்தார். அவளும் மலையாளி, ஈசாக்கிடம் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை.

"பிள்ளே, நீ சொல்லு. இவன் வந்திருந்தானா?"

"வந்தான். பேனா இரவல் கேட்டான். நான் குடுக்கல்ல."

வகுப்பு சிரித்தது. தாணுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பொய் சொல்லுத நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டுப் படிக்கலாமேலே மக்கா," என்று ஈசாக்கிடம் சொல்லி நோட்டை மூடினார். பூட்ஸ் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

ஈசாக் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இனியாவது அந்த வாயப் பொத்துவியா?" என்றான் சுயம்பு.

சார் சாக்பீஸை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினார்.

"ஈசாக், சனிக்கிழமை எட்டு மணிக்கு வரணும். ஆறு கணக்கு. ரெண்டு மணிக்கூர். அந்த மார்க்குதான் சேரும்."

ஈசாக் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"சார்... மறுதேர்வு கிடையாதுன்னு ஏழாவது விதி..."

"அது வராதவனுக்கு. நீ வந்திருந்தாயல்லோ."

1957 மார்ச் 30-ஆம் தேதி கிருஷ்ணன்குட்டி சார் ஓய்வு பெற்றார். அவருடைய பழைய மார்க் புத்தகங்களை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டவர், அந்த வருஷம் அதே துறையில் வேலைக்குச் சேர்ந்த டியூட்டர் ஈசாக். 1954-இன் அந்தப் புதன்கிழமைக்கு நேரே, சாரின் மூன்று வகுப்புகளிலுமாகப் பதினோரு பூஜ்யங்கள் இருந்தன.