வண்டி வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ்

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய்ச் சேரும் என்று சண்முகத்தாய்க்குப் பயம்.

ஆறாவதோடு படிப்பை விட்டவள். பதற்றம் வந்தால் பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுவாள். "மொதல்ல இருந்து சொல்லும்மா" என்று மகன் வினோத்குமார் எரிந்து விழுவான்.

இன்றைக்கு அப்படி ஆகக் கூடாது. வாசலிலிருந்து வேப்பமரத்தடிக்குப் போவதற்குள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

'அப்பு, உம் பொண்டாட்டி பிரிட்ஜு பிளக்கைப் பிடுங்கி விடுறா. எங்கண்ணால பாத்தேன்.'

பிரிட்ஜ் இருந்தது வண்டி வீட்டுக்குள். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற, ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் கொள்ளுகிற குட்டி வீடு அது. போடிமெட்டுக்கு மேலே அவர்களுடைய ஏலத்தோட்டத்தில் நிறுத்துவதற்காக, அம்மாவுக்கென்றே வினோத்குமார் வாங்கியது.

இன்சுலின் போட ஆரம்பித்ததிலிருந்து சண்முகத்தாய் தோட்டத்தில் தங்கவே இல்லை. அங்கே கரண்டு கிடையாது. மருந்து கெட்டுப்போனால் உயிருக்கு யார் பொறுப்பு? ஏலக்காய் எடுப்பு நேரத்தில்கூட கீழே போடி வீட்டில் உட்கார்ந்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இனிமே நீ மகாராணி மாதிரி மேல இரும்மா" என்றான் மகன். தெருவே மெச்சியது.

பிரிட்ஜுக்குத்தான் அலையாய் அலைந்தான். வீட்டில் வைக்கிற பிரிட்ஜ் என்றால் ஒரே ராத்திரியில் பேட்டரியைக் குடித்துவிடுமாம். கேஸில் ஓடுகிற ஒன்று இருந்தது. ஆனால் அது சமதரையில் நின்றால்தான் குளிருமாம். ஏலக்காட்டுச் சரிவில் சமதரைக்கு எங்கே போக? கடைசியில் லாரிக்காரர்கள் வைத்துக்கொள்வது போல, மேல்பக்கம் மூடி திறக்கிற பேட்டரிப் பெட்டி வந்தது. கூரையில் சோலார் தகடு.

சரிப்படாவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கெடு நாளையோடு முடிகிறது.

இரண்டு தடவை சோதித்தாயிற்று. காலையில் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துச் சாயங்காலம் எடுத்தால், வெதுவெதுவென்று இருந்தது. பேட்டரியை மாற்றினான். அப்போதும் அதே கதை. இன்று கடைசித் தடவையாகப் பாட்டிலை உள்ளே வைத்திருந்தான்.

காரணம் இன்று காலைதான் தெரிந்தது. அவன் குளிக்கப் போன நேரம் மருமகள் முத்துப்பிரியா வாசலில் நின்ற வண்டி வீட்டுக்குள் ஏறி, பிளக்கைச் சத்தமில்லாமல் வெளியே இழுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

"என்ன சோலிடி இது?" என்றாள் பின்னாலேயே வந்த சண்முகத்தாய்.

முத்துப்பிரியா திடுக்கிட்டாள். "மலைக் குளிருக்குப் பிரிட்ஜு எதுக்கு அத்தை? ஊரு சிரிக்கும்."

"டாக்டரு வேணும்னாரு. நான் மேல போயி நிம்மதியா இருந்தா உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"நீங்க இங்கயே இருங்களேன் அத்தை."

"இருந்து? உனக்குப் பாத்திரம் வெளக்கிப் போடவா?"

"நான் சொன்னா நம்புவீங்களா? அவரு..."

"எம் பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை பேசாத!"

முத்துப்பிரியா கண்ணைத் துடைத்தபடி இறங்கிப் போனாள். நடிப்புக்காரி என்று நினைத்துக்கொண்டு, சண்முகத்தாய் பிளக்கை அழுத்திச் செருகினாள். நேரே மகனைத் தேடி வந்துவிட்டாள்.

அவன் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"பிரிட்ஜு ஒண்ணுதாண்ணே பாக்கி. சாயங்காலம் தண்ணி சில்லுன்னு இருந்துச்சுன்னா நாளைக்கே அம்மாவை மேல ஏத்தி விட்டுருவேன். நீங்க இந்த வீட்டைக் கிரயம் முடிச்சு, குடோன் கட்ட இடிச்சுக்கலாம்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"எங்கம்மாவா? அப்பா வீட்டை எம்பேர்லதானண்ணே எழுதி வச்சாரு. அது என்ன சொல்லப்போகுது? மருந்துக்காகத்தான் கீழ கெடக்கு. மேலயே குளுகுளுன்னு வச்சுக் கொடுத்துட்டா, அப்புறம் கீழ அதுக்கு என்ன சோலி?"

சிரித்தான்.

"எடுப்பு முடிஞ்சாலும் அங்கனதான். நாங்க கோயமுத்தூர் போயிருவோம்ல. பெட்டி ஓடலைன்னாவா? அப்ப அம்மாவை எங்கிட்டு அனுப்புறது? உங்க குடோனை மறந்துற வேண்டியதுதாண்ணே."

போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"என்னம்மா? வெரசா சொல்லு. பட்டறைக்குப் போகணும்."

அத்தனை தடவை சொல்லிப் பார்த்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பு. சாப்பிட்டுப் போ."

"வந்து சாப்பிடுறேன். அந்தப் பெட்டிய யாரும் தொறக்காமப் பாத்துக்க. எல்லாம் உனக்காகத்தான்மா."

ஜீப் தெருமுனை திரும்பும் வரை நின்றாள். பிறகு வண்டி வீட்டுக்குள் ஏறினாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பிளக்கைப் பிடித்தாள்.

பின்னால் நிழல் விழுந்தது. முத்துப்பிரியா.



"நல்லா வெளிய இழுங்க அத்தை" என்றாள் முத்துப்பிரியா மெதுவாக. "லேசா விட்டா மறுபடி பட்டுக்கிரும். அவரு வாரதுக்கு முன்னாடி நான் செருகிக்கிறேன்."

சண்முகத்தாய் இழுத்தாள். விளக்கு அணைந்தது.

அதுவும் போதாதென்று பட்டது அவளுக்கு. மகன் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் விழுகிற ஜன்னலோரத்தில் வைத்தாள்.