பத்மாசனி சொன்ன உதாரணம்

லோயிஸ் டீச்சர் கரும்பலகையில் 'ஃபால் த்ரூ' என்று எழுதிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் அப்படியே நின்றார்.

சித்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம். ஐந்தாம் பாரம். திங்கட்கிழமை முதல் பீரியட்.

போன வாரம் பாடம் 'ஃபால் அவுட்'டில் நின்றிருந்தது. புஸ்தகத்தில் அடுத்தது இதுதான். வேறு யாராக இருந்தாலும் ஒரு பக்கத்தைத் தள்ளிப் புரட்டியிருப்பார்கள். லோயிஸ் டீச்சருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

"நடக்கணும்னு இருந்தது நடக்காமப் போறது. வீட்ல எப்படிச் சொல்லுவீங்க?" என்று பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

தட்டிப்போச்சு என்றாள் மேரி. கைகூடல என்றாள் தாட்சாயணி. தெலுங்குக்காரி சுலோசனா, செடிப்போயிந்தி என்றாள். இந்தச் சங்கதிக்கு மட்டும் எங்கள் ஊரில் வார்த்தைப் பஞ்சமே கிடையாது.

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. லோயிஸ் டீச்சருக்கும் வேலூர் தியோடருக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. நேற்று மூன்றாவது. போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஓலையை எடுக்காமல் பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்பது அந்தப் பாட்டு முடிவதற்குள் பெஞ்சு பெஞ்சாகப் பரவிவிட்டது. டீச்சர் கடைசி ஜெபம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. புதுப் புடவை வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சர்ச்சுக்கு வராத பெண்களுக்கு, மணி அடிக்கிற செல்லியம்மா காலையில் பள்ளிக்கூட வாசலிலேயே சொல்லி முடித்திருந்தாள்.

"சரி. ஆளுக்கொரு வாக்கியம்" என்றார் டீச்சர்.

மழையால் எங்கள் நகரிப் பயணம் தட்டிப்போயிற்று என்று மேரி இங்கிலீஷில் சொன்னாள். மாமாவின் வியாபாரம் கைகூடவில்லை என்றாள் சுலோசனா. என் முறை வந்தது. எங்கள் நைனா மாடு வாங்கும் யோசனை தட்டிப்போயிற்று என்றேன். நைனாவுக்கு அப்படி ஒரு யோசனை இருந்ததே இல்லை.

நடுவாசலில் படுத்திருக்கும் நாயை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவது மாதிரி எல்லோரும் கல்யாணம் என்ற சொல்லைச் சுற்றிக்கொண்டு போனோம்.

அது டீச்சருக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நாங்கள் பரிதாபப்பட்டுத்தான் அவரைக் கொன்றோம். இன்னும் இரண்டு பேர் இப்படிச் சொல்லியிருந்தால் வகுப்பை விட்டு வெளியே போயிருப்பார். போனால் திரும்பி வந்திருக்க மாட்டார். அது எனக்கு அன்றைக்கே நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது பத்மாசனி எழுந்தாள்.

அவள் ஐயங்கார் வீட்டுப் பெண். திருப்பதியில் தாத்தா கோயில் கைங்கரியம். அப்பா வெங்கடராகவன் இங்கே கோர்ட்டில் குமாஸ்தா. வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டாள்.

"மை மேரேஜ் ஃபெல் த்ரூ" என்றாள், பளிச்சென்று.

அவர்கள் வீட்டில் அது வெளியே சொல்கிற பேச்சா? ஒரு வரன் தட்டிப்போன பெண் என்றால் அடுத்து வருகிறவர்கள் ஆயிரம் கேட்பார்கள்.

டீச்சர் முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினார். அவளை வெகுநேரம் பார்த்தார்.

"அழுதுக்கினே இருந்தியா?" என்று கேட்டார். இங்கிலீஷ் பீரியட் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"ராத்திரி பூரா அழுதேன் டீச்சர். காலம்பற பசிச்சுது."

லோயிஸ் டீச்சர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர வர, சாக்பீஸ் கையால் துடைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் வெள்ளையாகச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டு, கரெக்ட் என்றார். பாடம் நடந்தது.

அடுத்த வருஷம் மதனப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது. மூன்று ஓலையும் தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்கு நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கும் கல்யாணமாகி ஊரை விட்டுப் போனேன்.

வெகு காலம் கழித்துச் சித்தூருக்கு வந்தபோது பத்மாசனியைப் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, தலை நரைத்திருந்தாள். அவள் போட்ட காபி அமிர்தமாக இருந்தது.

நாக்கு சும்மா இருக்குமா? "அன்னிக்குக் கிளாஸ்ல சொன்னியே, அந்த மாப்பிள்ளை யாருடி?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த மாப்பிள்ளை? அதுக்கு முன்னாடி என்னை யாரும் பார்க்கவே வரலையே" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் திருப்பதியிலேர்ந்து ஒருத்தர் வந்தா. நல்ல மனுஷா. எனக்கும் அவரைப் பிடிச்சிருந்தது. ஏற்கெனவே ஒண்ணு தட்டிப்போச்சாமேன்னு ஊர்ல யாரோ சொல்லியிருக்கா. அப்பா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணினார். பொண்ணே தன் வாயால சொன்னாளாமேன்னு எழுந்து போயிட்டா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுதியா?" என்றேன் கடைசியில்.

"ராத்திரி பூரா" என்றாள் பத்மாசனி. "காலம்பற நிஜமாவே பசிச்சுதுடி."