மகன் தேர்ந்தெடுத்த தீவு

ஆயுளுக்கு ஒரு முறைதான் கடல் தாண்டலாம் என்பது சட்டம். முகிலன் தன் முறையில் கனடா போய் அங்கேயே குடியேறிவிட்டான். அவனைப் பார்ப்பதற்கென்றே சங்கரலிங்கமும் காந்திமதியும் தங்கள் முறையைத் தொடாமல் வைத்திருந்தார்கள். அவன் அழைத்தால் கிளம்ப வேண்டியதுதான். பெட்டியில் கூழ்வடகம்கூட ஏறிவிட்டது.

அன்று மாலை முகிலன் திரையில் வந்தான்.

“இந்தக் குளிர்ல வந்து எதுக்குப்பா கஷ்டப்படுதீங்க? வீடும் சின்னது. அதுக்குப் பதிலா பக்கத்துல ஒரு தீவுக்குப் போயிட்டு வாங்க. அங்க நாலஞ்சு ரிசார்ட் பாத்து வச்சிருக்கேன். கட்டில்ல படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம். அம்மாவுக்கு எது புடிக்குன்னு கேளுங்க.”

தீவுக்குப் போனாலும் கடல் தாண்டியதாகத்தான் கணக்கு; இருவர் முறையும் அதோடு தீர்ந்துவிடும். காந்திமதி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நீலத் தண்ணீர், தென்னை, தண்ணீர்மேல் மரவீடு.

“அங்க இட்லி கெடைக்குமாய்யா?”

“ஒனக்கு இட்லிதான் கவலை! எல்லாம் கெடைக்கும்மா.” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியைச் சங்கரலிங்கம் பார்த்துவிட்டார். அவளும் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

“வேண்டாம்னு சொல்லிருவமா?” என்று அவள் காதருகே கேட்டார்.

“புள்ள ஆசையாப் பாத்து வச்சிருக்கான். போவோம்.” அவள் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எந்த ரிசார்ட்டா இருந்தாலும் சரிய்யா. கடல் தெரியாத ரூமாப் பாத்துப் போடு.”